ஆளில்லா இல்லங்களும் அயலார் இட்ட பெயர்களும்

ஊர்ப்பெயர் என்பது ஓர் ஊரைப் பற்றி நாம் அறியும் முதல் செய்தி. நீர்நிலையையோ, மரத்தையோ, குடியேறிய மக்களையோ சுட்டி நிற்கும் பெயர்கள் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால், ஒரு நிலத்தில் வாழ்ந்தவர் ஒருவராகவும் அதற்குப் பெயரிட்டவர் வேறொருவராகவும் அமைந்துவிட்டால், பெயரே வரலாற்றை மறைக்கும் திரையாகிவிடுவதும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில், கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கோர்டெஸ் என்னும் சிற்றூரும் அதன் சுற்றுப்புறமும் இதற்குத் தக்க சான்றாகும்.

கோடையில் இவ்வூருக்கு வருவோருள் பலர் தம் வீட்டையும் உடன் கொண்டு வருகின்றனர். படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அமைந்த பெரிய ஊர்தியை அந்நாட்டார் 'ஆர்.வி.' என்று சுருக்கி வழங்குவர். அவ்வூர்தியை நிறுத்தி, குடிநீரும் மின்னிணைப்பும் பெற்றுச் சில நாள் தங்குவதற்கென்றே அமைந்த திடல்கள் ஊரை ஒட்டி உள்ளன. அங்குத் தங்குவோர் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் மெசா வெர்டே, ஹோவன்வீப், அஸ்டெக் இடிபாடுகள், யூட் மலைப் பழங்குடிப் பூங்கா ஆகியவை இருக்கின்றன. வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், வீட்டை மலைப்பிளவில் விட்டுச் சென்றவர்களின் சுவடுகளைக் காண்கிறார்கள். சென்றவர் யார் என்ற வினாவுக்கு அந்நிலத்துப் பெயர்கள் தரும் விடைகளுள் பல பிழையானவை.

வென்றவனும் தோற்றவனும்

கோர்டெஸ், பாசன வாய்க்கால் வெட்ட வந்த தொழிலாளர்க்காக 1886-ஆம் ஆண்டில் எழுந்த ஊர். அது அடங்கியுள்ள மாவட்டத்தின் பெயர் மான்டசூமா. 1519-இல் மெக்சிகோவில் கரையிறங்கி அஸ்டெக் பேரரசை வீழ்த்திய ஸ்பானியப் படைத்தலைவன் ஹெர்னான் கோர்டெஸ். அவனிடம் சிறைப்பட்டு 1520-இல் மாண்ட மன்னன் மான்டசூமா. வென்றவன் பெயர் ஊருக்கும் தோற்றவன் பெயர் மாவட்டத்திற்கும் வாய்த்தன. இருவருமே இந்நிலத்தைக் கண்டவரல்லர்.

இங்குக் கிடந்த கற்கட்டடங்களை அஸ்டெக் மக்கள் கட்டியிருக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேறிகள் நம்பினர். அந்நம்பிக்கை தென்கிழக்கே நியூ மெக்சிகோ மாநிலத்தில் 'அஸ்டெக்' என்றே ஓர் ஊரையும் தோற்றுவித்தது. அங்குள்ள இடிபாடுகள் 1923-இல் தேசிய நினைவிடமாக்கப்பட்டபோதும் பிழையான அப்பெயரே நிலைத்துவிட்டது.

இப்பிழை தவிர்க்க இயலாததன்று. 1776-இல் தொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்னும் இரு ஸ்பானியத் துறவியர் இன்றைய கோர்டெஸுக்கு வடக்கே ஓடும் தொலோரெஸ் ஆற்றங்கரையில் பாளையமிறங்கினர். அங்கே மேட்டின்மேல் கண்ட சிறு குடியிருப்பின் இடிபாடு, நியூ மெக்சிகோவில் அந்நாளில் வாழ்ந்துகொண்டிருந்த பழங்குடியினரின் ஊர்களைப் போன்றே அமைந்திருப்பதாக அவர்களுடைய பயணக் குறிப்பு கூறுகிறது. வாழ்வோரின் வீட்டைப் பார்த்தவர்கள் சென்றோரின் வீட்டை அடையாளம் கண்டுகொண்டனர். நூறாண்டு கழித்து வந்தவர்களோ, அண்டையில் வாழ்ந்த வழித்தோன்றல்களை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்த பேரரசிடம் விடை தேடினர்.

பச்சை மேசை

மெசா வெர்டே என்னும் ஸ்பானியப் பெயருக்குப் 'பச்சை மேசை' என்பது பொருள். போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த 'மேசை' என்ற சொல்லும் இந்த 'மெசா'வும் ஒரே வேரில் கிளைத்தவை. உச்சி தட்டையாகவும் விளிம்பு செங்குத்தாகவும் நிற்கும் அந்த மலைக்கு அது பொருத்தமான பெயரே.

1888-ஆம் ஆண்டு திசம்பர் 18-ஆம் நாள், மேய்ச்சல் தொழில் செய்த ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் இருவரும் மாடுகளைத் தேடிச் சென்றபோது, பனித்தூவலுக்கிடையே எதிர்ப்புறப் பாறைக் குடைவில் ஒரு கல்நகரைக் கண்டனர். அதற்குப் 'பாறை அரண்மனை' என்று பெயர் சூட்டினர். 'கண்டுபிடிப்பு' என்று அந்நாள் கொண்டாடப்படுகிறது. ஆனால், அப்பள்ளத்தாக்குகள் யூட் மக்களின் நிலம். அங்கே பெரிய வீடுகள் இருப்பதை வெதரிலுக்கு முன்னரே சொன்னவரும் ஒரு யூட் மனிதரே. வெதரில் கண்ட காட்சியை வில்லா கேதர் 1925-இல் வெளியான தம் 'பேராசிரியரின் வீடு' என்ற புதினத்தில் கதையாக்கியபின் அது இலக்கியத்திலும் இடம்பெற்றது.

அரண்மனை என்ற பெயரும் பொருந்துவதன்று. அங்கு மன்னன் எவனும் வாழவில்லை. ஏறத்தாழ 150 அறைகளும், 'கிவா' எனப்படும் 23 வட்ட வடிவச் சடங்குக் கூடங்களும் கொண்ட உழவர் குடியிருப்பு அது. சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, வான்கோழி வளர்த்தவர்கள் அங்கு வாழ்ந்தனர். மலையுச்சியில் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த அம்மக்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பாறைக் குடைவுகளில் வீடு கட்டத் தொடங்கினர். உத்தரங்களின் மரவளையங்களை எண்ணி அவ்வீடுகளின் காலம் கணிக்கப்பட்டுள்ளது. 1276 முதல் 1299 வரை நீடித்த கடும் வறட்சியையும் அவ்வளையங்களே காட்டுகின்றன. 1300-க்குள் அனைவரும் அவ்விடத்தை விட்டு நீங்கியிருந்தனர். வறட்சியுடன் பூசல், மக்கள் நெருக்கம் முதலிய காரணங்களையும் அறிஞர் சுட்டுவர்.

சட்டமும் நிலமும்

1891-இல் சுவீடனிலிருந்து வந்த குஸ்தாவ் நோர்டென்ஷெல்ட் என்னும் இளைஞர் அவ்விடங்களை முறையாக அகழ்ந்து அளந்தார். மட்கலங்களையும் மனித எலும்புகளையும் பெட்டிகளில் அடைத்து அனுப்ப முற்பட்டபோது துராங்கோ நகரில் கைதானார். அதனைத் தடுக்கும் சட்டம் இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். பொருள்கள் கடல் கடந்து, இறுதியில் பின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தை அடைந்தன.

வர்ஜீனியா மெக்லர்க், லூசி பீபாடி முதலிய பெண்மணிகள் பல்லாண்டுகள் நடத்திய இயக்கத்தின் பயனாக, 1906 சூன் 29-இல் மெசா வெர்டே தேசியப் பூங்காவாயிற்று. தொல்பொருள் காக்கும் சட்டமும் அதே மாதம் இயற்றப்பட்டது. எனினும், சிறந்த குடியிருப்புகள் பல யூட் மக்களின் எல்லைக்குள் இருப்பது பின்னர்த் தெரியவந்தது. 1911-இல் நிலமாற்று உடன்பாடு ஏற்பட்டு, அப்பகுதி அவர்களிடமிருந்து பெறப்பட்டது. காக்கப்பட வேண்டியது கட்டடம் என்று உணர்ந்த காலம், அதைச் சூழ்ந்து வாழ்ந்தவரின் விருப்பத்திற்கு அத்தனை மதிப்பளிக்கவில்லை.

பாழ் என்னும் சொல்

கோர்டெஸுக்கு மேற்கே, பள்ளத்தாக்கின் விளிம்பில் நீரூற்றுகளை ஒட்டிக் கோபுரங்கள் நிற்கும் இடம் ஹோவன்வீப். 1874-இல் நிழற்படக் கலைஞர் வில்லியம் ஜாக்சன் அதற்கு இட்ட இப்பெயர் யூட் மொழிச் சொல்; 'ஆளற்ற பள்ளத்தாக்கு' என்பது பொருள். கட்டியவர்களைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய 'அனசாசி' என்பதோ நவஹோ மொழிச் சொல். 'பகைவரின் முன்னோர்' என்று அதற்குப் பொருள் கூறுவர். ஒரு சொல் அவர்களை மறைந்தவராக்கியது, மற்றொன்று பகைவராக்கியது. அவர்கள் மறையவில்லை. தெற்கே பெயர்ந்து சென்றார்கள். ஹோபி, சூனி, அகோமா மற்றும் ரியோ கிராண்டே ஆற்றோர ஊர்களில் வாழும் புயெப்லோ மக்கள் அவர்களின் வழித்தோன்றல்கள். முன்னோர் வீடு பாழ்பட்டதாக அவர்கள் கருதுவதில்லை. முன்னோர் இன்னும் அங்கே உறைவதாகவே கருதுகின்றனர்.

அவர்களின் குரல் மெல்ல ஏற்கப்பட்டு வருகிறது. 'புயெப்லோ மூதாதையர்' என்பதே இன்று வழங்கும் பெயர். தொலோரெஸ் அருகே 1988-இல் 'அனசாசி' என்ற பெயரைத் தாங்கித் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் அப்பெயரை நீக்கிவிட்டது. துறவியர் 1776-இல் கண்ட குடியிருப்பாகக் கருதப்படும் இடிபாடு அதன் அருகில்தான் இருக்கிறது. ஆகவே, திடலில் தங்கியிருக்கும் பயணி முதலில் அங்குச் செல்வது நன்று. மெசா வெர்டேக்குச் செல்லும்போது, ஊர்தியின் பின்னே இழுத்து வரும் வண்டிகளை மோர்பீல்டு முகாமுக்கு அப்பால் கொண்டுசெல்ல இயலாது, மலைப்பாதை அத்தகையது. யூட் மலைப் பழங்குடிப் பூங்காவில் யூட் வழிகாட்டியருடன்தான் நடக்க முடியும். அந்நிலத்தின் கதையை அந்நிலத்தாரின் வாயிலாகவே கேட்பதற்கு அது வாய்ப்பாகும்.

நோர்டென்ஷெல்ட் கொண்டுசென்ற எலும்புகளின் வரலாறு ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்தே முடிவுற்றது. 2020 செப்டம்பரில், 20 பேரின் எச்சங்களும் அவர்களுடன் புதைக்கப்பட்டிருந்த 28 பொருள்களும் பின்லாந்திலிருந்து திரும்பின. ஹோபி, சூனி, அகோமா, சியா மக்களின் சார்பாளர்கள் அவற்றைப் பெற்று, மெசா வெர்டே மண்ணிலேயே மீண்டும் அடக்கம் செய்தனர். அந்த இருபதின்மரின் பெயரை இன்று அறிந்தவர் எவருமில்லை; ஆயினும் அவர்களைத் தம் உறவினர் என்று உரிமையோடு கூறி அழைத்துச் செல்ல அன்று ஆள் வந்திருந்தது.