தமுக்கம் மைதானம்

தமுக்கம் மைதானம் மதுரையில் வைகையாற்றின் வடகரையில், தல்லாகுளம் பகுதியில் உள்ள பொதுத் திடல் ஆகும். அருகிலுள்ள நாயக்கர் காலத்து மாளிகையின் பெயரே திடலுக்கும் வழங்குகிறது. கோடைக்கால மாளிகை என்றும், யானைகளை மோதவிட்டுப் பார்க்கும் இடம் என்றும் தமுக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறுவர். இரண்டுமே இவ்விடத்திற்குப் பொருந்துகின்றன. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இம்மாளிகையை மதுரை மக்கள் இராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்தே சொல்வர். அரச குடும்பத்தார் மாளிகையில் அமர்ந்திருக்க, எதிரே விலங்குப் போர்களும் வீர விளையாட்டுகளும் நடந்தன என்பது செவிவழிச் செய்தி.

இத்தகைய திடல் ஆற்றுக்கு அப்பால் அமைந்ததற்குக் காரணம் உண்டு. தென்கரையில் இருந்தது கோட்டை நகரம். அங்கே மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, மாசி வீதிகள் நெருக்கமாக அமைந்திருந்தன. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அப்போது கிடைத்த நிலமும் வெளிவீதிகளாகவும் வீடுகளாகவுமே மாறியது. வடகரையின் இயல்பு வேறு. கண்மாய்களும் அவற்றின் நீரில் விளைந்த வயல்களும் சிற்றூர்களுமே அங்கு இருந்தன. 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் கட்டப்பட்ட பிறகுதான் நகரம் ஆற்றைக் கடந்து அப்பக்கமாக வேகமாகப் பரவத் தொடங்கியது.

வேளாண் ஊர்களுக்குத் திறந்தவெளி என்பது வீண் நிலம் அன்று. மாடுகள் கூடுவதும், ஊர்க்கூட்டம் நடப்பதும், கூத்து நடப்பதும் மந்தையில்தான். அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் சித்திரையில் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் மதுரைக்கு வருவார். தல்லாகுளத்தில் எதிர்சேவை நடக்கும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குச் சாமி கும்பிடுவதோடு மாடு பிடிக்கும் வேலையும் இருந்தது. மாட்டுத்தாவணி என்ற பெயர் அந்தச் சந்தையின் நினைவே. 1999இல் அங்கே பேருந்து நிலையம் வந்தது. இன்று அப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவோரில் பலர் அதில் மாடு இருப்பதைக் கவனிப்பதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் திறந்தவெளிக்கு வேறொரு பயன் வந்தது. தல்லாகுளத்திற்கு அருகே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது, இன்றைய எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருப்பது அங்கேதான். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலில் 1895இல் கோல்ஃப் கழகம் தொடங்கப்பட்டது. இதில் ஒரு முரண் உண்டு. கோல்ஃப் விளையாட்டின் தாயகமான ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் கடற்கரைப் புல்வெளி பொதுநிலம். அங்கு விளையாட ஊராருக்கு உள்ள உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று உறுதிசெய்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பழைய ஆடுகளம் பொதுவாக மூடப்பட்டு, மக்கள் உலாவும் பூங்காவாகிவிடும். அதே விளையாட்டு நம் நாட்டுக்கு வந்தபோதோ உறுப்பினர்களுக்கு மட்டும் உரிய கழகமாக வந்தது. கொடைக்கானல் ஆடுகளத்தில் அனுமதி கேளாமல் மேய்பவை காட்டுமாடுகள்தாம்!

தமுக்கம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அரசருடைய மாளிகை பின்னர் கும்பினியாரிடம் சென்று, மாவட்ட ஆட்சியரின் குடியிருப்பாகவும் இருந்தது. விடுதலைக்குப் பின் காந்தி நினைவு அருங்காட்சியகம் அமைக்க அது வழங்கப்பட்டது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். திடல் மாநகராட்சியின் பொறுப்பில் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. சித்திரைப் பொருட்காட்சி, புத்தகத் திருவிழா, அரசியல் பொதுக்கூட்டம் என ஆண்டு முழுவதும் அங்கே ஏதாவது ஒன்று நடக்கும். 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது தமுக்கத்தின் முன்பு தமிழன்னை சிலை எழுந்தது.

2017 சனவரியில் சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக மாணவர்களும் இளைஞர்களும் இரவு பகலாகக் கூடியது இந்தத் தமுக்கத்தில்தான். விலங்குகள் மோதியதாகச் சொல்லப்படும் இடத்தில், காளைக்காக மக்கள் உட்கார்ந்தனர். அவர்களில் யாரும் இடத்தை முன்பதிவு செய்துவிட்டு வரவில்லை.

இதற்கிடையே வடகரையின் மற்ற வெளிகள் குறைந்துவந்தன. உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் உயர் நீதிமன்றக் கிளையின் வளாகம் எழுந்து, 2004இல் திறக்கப்பட்டது. நீதிமன்றமும் பேருந்து நிலையமும் ஊருக்குத் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவற்றுக்கு இடம் தேடும்போதெல்லாம் கண்மாயும் தாவணியுமே கண்ணில் படுகின்றன. சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் தமுக்கம் திடலிலேயே மாநாட்டு மையம் கட்டப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. கூரையும் குளிர்சாதனமும் வாகன நிறுத்தமும் கொண்ட அந்த அரங்கம் மழைக்காலத்தில் வசதிதான். வாடகை செலுத்துவோர் அதில் நிகழ்ச்சி நடத்தலாம். வெறுந்தரையாக இருந்தபோது அவ்விடம் எத்தனை பேரைக் கொள்ளும் என்று யாரும் இருக்கைகளை எண்ணிப் பார்த்ததில்லை.