ஜான் மெக்டொனா (1779–1850)

அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்த வணிகர், பெருநிலக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர். தம் சொத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென நியூ ஆர்லியன்ஸ், பால்டிமோர் ஆகிய இரு நகரங்களுக்கும் எழுதிவைத்தவர். அவர் பெயரில் நியூ ஆர்லியன்ஸில் 30-க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. அந்தப் பணம் யாருடைய உழைப்பில் வந்தது என்ற கேள்வியும் பள்ளிகளோடு சேர்ந்தே வளர்ந்தது.

மெக்டொனா மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் 1779 டிசம்பர் 29 அன்று பிறந்தார். இளம் வயதில் வில்லியம் டெய்லர் என்ற வணிகரிடம் தொழில் பழகினார். 1800-இல் அவருடைய முகவராக நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஊர் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. தெருவில் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சு. மிசிசிப்பி ஆற்றின் வழியே உள்நாட்டிலிருந்து வரும் சரக்கெல்லாம் கடலுக்குப் போகும் துறைமுக நகரம் அது. இடையில் பிரான்சின் கைக்கு மாறிய லூசியானாவை 1803-இல் அமெரிக்கா அதனிடமிருந்து விலைக்கு வாங்கியதும் வடக்கிலிருந்து வியாபாரிகளும் குடியேறிகளும் வரத் தொடங்கினர். அதற்கு மூன்றாண்டு முன்பே கடை போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அது பெரிய ஆதாயம்.

ஆனால் அவரை உண்மையில் பணக்காரராக்கியது நிலம். சரக்கு வியாபாரத்தில் சேர்ந்ததை நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களிலும், அப்போது மேற்கு ஃபுளோரிடா எனப்பட்ட பகுதியிலும் போட்டார். நகரம் வளர்ந்தால் சேறும் ஒருநாள் மனையாகும் என்பது அவர் கணக்கு. வாங்கியதை எளிதில் விற்கமாட்டார். இளமையில் நகரத்தில் ஆடம்பரமாக வாழ்ந்தவர், 1817 வாக்கில் ஆற்றின் மறுகரையிலிருந்த தம் தோட்டத்துக்குக் குடிபோனார். அங்கே ‘மெக்டொனாவில்’ என்ற குடியிருப்பை உருவாக்கிச் சிறுசிறு மனைகளாக விற்றார். வாங்கியவர்களில் அடிமைத்தளை இல்லாத கறுப்பினத்தவரும் இருந்தனர். 1818-இல் அமெரிக்க செனட் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காதல் தோல்விகளைக் காரணமாகச் சொல்லும் கதைகள் ஊரில் பல உண்டு; ஆதாரம் குறைவு.

மறுகரைக்குப் போனபின் ஊர்க்கண்ணில் அவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். நைந்துபோன பழங்காலத்து உடை, யாரையும் விருந்துக்கு அழைக்காத வீடு. படகுக் கூலி மிச்சமாகட்டும் என்று தம் சொந்தத் தோணியிலேயே ஆற்றைக் கடப்பார் என்று கேலி பேசினார்கள்.

அவர் வாழ்க்கையில் நின்று பார்க்கவேண்டிய இடம் 1820-களில் அவர் தம் அடிமைகளுக்காக வகுத்த விடுதலைத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது என்பது அவருடைய மதநம்பிக்கை. ஞாயிறன்று தங்களுக்கென்று உழைத்துவந்தவர்களுக்கு, அதற்கு மாற்றாகச் சனிக்கிழமை பாதி நாளை விட்டுக்கொடுத்தார். 1825 வாக்கில் இதை விரிவாக்கினார். அந்த அரை நாளிலும் அவருக்கே வேலை செய்யலாம். கூலி கணக்கில் ஏறும். சேர்ந்த தொகையைக் கொண்டு முதலில் சனிக்கிழமை முழுவதையும் அவரிடமிருந்து விலைக்கு வாங்கலாம். வாங்கிய நாளின் கூலியும் இப்போது கணக்கில் சேர்வதால் வெள்ளிக்கிழமையை வாங்க முன்னளவு காலம் பிடிக்காது. வியாழன், புதன் என்று வாரம் முழுதும் இப்படிக் கைமாறி முடிய ஏறத்தாழ 15 ஆண்டுகள். அதன்பின் விடுதலை, ஆனால் லூசியானாவில் அல்ல, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், லைபீரியாவில். விடுதலை பெற்றவர்கள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று லூசியானா 1830-இல் சட்டமே போட்டிருந்தது. கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதற்கென்றே இயங்கிய அமெரிக்கக் குடியேற்றச் சங்கத்தின் துணைத்தலைவர்களில் மெக்டொனாவும் ஒருவர்.

1842-இல் மரிபோசா என்ற கப்பலில் அவருடைய ஆட்கள் சுமார் 80 பேர் லைபீரியாவுக்குப் புறப்பட்டார்கள். அதே ஆண்டு இந்தத் திட்டத்தை விளக்கி நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகைக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம்தான் அவரைப் புரிந்துகொள்ள நமக்குள்ள சிறந்த சாட்சியம். தம் ஆட்கள் கட்டட வேலை செய்வதைப் பார்த்த ஒருவர், பொழுது சாய்ந்த பிறகும் பாடிக்கொண்டே இப்படி உழைப்பவர்களைக் கண்டதில்லை என்று வியந்து, அவர்களின் மேஸ்திரியை விலைக்குக் கேட்டதாகப் பெருமையோடு சொல்கிறார். விடுதலை என்ற நம்பிக்கையைக் கண்முன் வைத்ததால், மேற்பார்வையாளன் இல்லாமலே ஆட்கள் முன்னைவிட அதிகம் உழைத்தார்களாம். அப்படிக் கிடைத்த கூடுதல் வருமானத்தைக் கொண்டு, அனுப்பியவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆட்களை வர்ஜீனியாவிலோ கரோலினாவிலோ வாங்கிவிடலாம் என்றும் அவரே கணக்குக் காட்டுகிறார். பிற எஜமானர்களையும் இணங்கவைக்கத்தான் அப்படி எழுதினார் என்பார்கள். இருக்கலாம். ஆனாலும், தன் உழைப்பைத் தானே விலைகொடுத்து வாங்கவேண்டிய ஒருவனுக்கு அந்த 15 ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்ற யோசனை அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. இதைத் தர்மம் என்பதைவிட, விற்றவருக்கு நட்டமில்லாத வியாபாரம் என்பதே பொருந்தும். கப்பலேறிப் போனவர்களிடமிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் சிலவற்றில் அவரைத் தந்தை என்றே அழைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவரைச் சிறையில் தள்ளும் சட்டமும் 1830-இல் வந்ததுதான். அந்தக் காலத்தில் மெக்டொனா தம் அடிமைகளில் இருவரை, டேவிட், வாஷிங்டன் என்ற இளைஞர்களை, 1838-இல் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார். லைபீரியாவில் சமயப்பணி செய்ய ஆள் தயாரிப்பதே நோக்கம். வாஷிங்டன் 1842-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். டேவிட் மறுத்தார், அமெரிக்காவிலேயே மருத்துவராவேன் என்று பிடிவாதமாக நின்றார். 1844-இல் அக்கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரியானார். ஜான் கியர்னி ராட்ஜர்ஸ் என்ற மருத்துவரின் ஆதரவில் நியூயார்க்கில் மருத்துவம் படித்தார். அந்த மருத்துவக் கல்லூரி அவருக்குப் பட்டம் தரவில்லை. ஆனாலும் கண், காது மருத்துவராகத் தொழில் செய்தார். தம் பெயரின் நடுவில் கியர்னியைச் சேர்த்துக்கொண்டார். அவர் 1893-இல் இறந்த பிறகு, எல்லா இனத்தவருக்கும் சிகிச்சையளித்த ஒரு மருத்துவமனைக்கு நியூயார்க்கில் அவர் பெயர் சூட்டப்பட்டது. அன்று தராமல் விட்ட பட்டத்தை, அந்த மருத்துவக் கல்லூரி இன்று சேர்ந்துள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் 2018-இல் வழங்கியது.

மெக்டொனா 1850 அக்டோபர் 26 அன்று இறந்தார். உயிலைத் திறந்தபோதுதான் ஊர் வாயடைத்தது. 1838-இலேயே தம் கையால் எழுதிவைத்த அந்த உயிலில், சொத்தில் பெரும்பங்கு பிறந்த நகரத்துக்கும் வாழ்ந்த நகரத்துக்கும் இலவசப் பள்ளிகளுக்காகப் போயிருந்தது. ஏழைகளின் ஆண், பெண் பிள்ளைகள், எந்த வகுப்பினரானாலும் எந்த நிறத்தவரானாலும் படிக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. தமக்கென்று அவர் கேட்டது ஒன்றே: ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகள் தம் கல்லறையைச் சுற்றிச் சில பூச்செடிகளை நட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும். உறவினர்களும் மாநில அரசுகளும் வழக்குத் தொடுக்க, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் உயில் செல்லும் என்று தீர்ப்பானது. இழுத்தடித்த வழக்கில் சொத்து கரைந்தது. இருந்தும் நியூ ஆர்லியன்ஸின் பங்குக்கு ஏறத்தாழ 7 லட்சம் டாலர் நின்றது. பால்டிமோர் தன் பங்கைக் கொண்டு நகருக்கு வெளியே 1873-இல் ஏழைச் சிறுவர்களுக்கு ஒரு பண்ணைப் பள்ளியைத் தொடங்கியது. மெக்டொனா பள்ளி என்ற அது இன்று அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி.

நியூ ஆர்லியன்ஸில் கட்டிய பள்ளிகளுக்கு வேறு பெயர் தேடாமல் மெக்டொனா 1, மெக்டொனா 2 என்று எண்களே இட்டார்கள். நிறம் பார்க்காதே என்ற நிபந்தனையை நகரம் காற்றில் விட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள் தவிர, வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்றே பள்ளிகள் பிரிந்திருந்தன. 1900-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்போடு பொதுக்கல்வியை நிறுத்தினார்கள். பெற்றோர் விடாமல் மனுக் கொடுத்த பிறகு, 1917-இல் அவர்களுக்கான முதல் அரசு உயர்நிலைப் பள்ளியாக மெக்டொனா 35 வந்தது. நகரத்தின் முதல் கறுப்பின மேயர் எர்னஸ்ட் மோரியல் அங்கே படித்தவர்.

லஃபாயெட் சதுக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் காசில் அவருக்குச் சிலை எழுந்தது, 1898-இல் திறந்தார்கள். ஆண்டுதோறும் மெக்டொனா நாளில் மாணவர்கள் அதற்குப் பூ வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. வெள்ளைப் பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியாக வைத்து முடிக்கும்வரை கறுப்புப் பிள்ளைகள் பூவும் கையுமாக வெயிலில் நிற்கவேண்டும். 1954 மே 7 அன்று அவர்கள் வரவில்லை. சுமார் 32,000 கறுப்பின மாணவர்களில் வந்தவர்கள் 34 பேர். பிரித்து நடத்தும் பள்ளிகள் செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

அந்தத் தீர்ப்பு நியூ ஆர்லியன்ஸில் நடைமுறைக்கு வர 1960 நவம்பர் 14 ஆயிற்று. அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளி ஒன்றில் நுழைந்தார். லியோனா டேட், கேல் எட்டியென், டெஸ்ஸி பிரிவோ என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிகள் மூவரும் மத்திய அரசுக் காவலர்களின் பாதுகாப்பில், அதுவரை வெள்ளையர் பள்ளியாக இருந்த மெக்டொனா 19-க்குள் சென்றார்கள். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னல்களுக்குக் காகிதம் ஒட்டிய அந்தப் பெரிய கட்டடத்தில் அந்த ஆண்டு பெரும்பாலான நாட்கள் மூன்றே மாணவிகள்தான்.

2020 ஜூன் 13 அன்று நகர மன்றத்துக்கு எதிரே டங்கன் சதுக்கத்திலிருந்த மெக்டொனாவின் மார்பளவுச் சிலையை இனவெறிக்கு எதிரான போராட்டக்காரர்கள் பெயர்த்து மிசிசிப்பியில் தள்ளினார்கள்; பிறகு அது கரையேற்றப்பட்டது. மூடிக்கிடந்த மெக்டொனா 19 கட்டடத்தை லியோனா டேட்டின் அறக்கட்டளை கூட்டாளிகளோடு சேர்ந்து மீட்டு, மூன்று சிறுமிகளின் குடும்பப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளால் டி.இ.பி. மையம் என்று பெயரிட்டு 2022-இல் திறந்தது. அங்கே இப்போது இன உரிமைப் போராட்ட வரலாற்றுக் காட்சிக்கூடமும் முதியோருக்கான வீடுகளும் உள்ளன.