படைப்பயிற்சி நூல்களின் ஏவல்மொழி: மீள்நடிப்பாளர் வாசிப்பும் மொழிபெயர்ப்பும்

படைவணக்கம் என்னும் செய்கை தோன்றிய வரலாற்றைப் பற்றி வழங்கும் கதைகள் பல. இரும்புக் கவசம் அணிந்த ஐரோப்பிய வீரர் எதிர்ப்பட்டோருக்குத் தம் முகத்தைக் காட்டும் பொருட்டுத் தலைக்கவசத்தின் முகமூடியை உயர்த்தியதே பின்னாளில் சலாமாயிற்று என்பது அவற்றுள் பெரிதும் பரவியது. கேட்பதற்கு இனிய இக்கதையை நிறுவும் சான்று இல்லை. சான்றுடைய வரலாறு இதனினும் எளியது. அது தொப்பியைப் பற்றியது. 1745இல் பிரிட்டனின் கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படையில் பிறந்த ஆணையொன்று, அதிகாரியைக் கடக்கும்போதோ அவரோடு பேசும்போதோ வீரர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டா எனவும், கையைத் தொப்பியில் வைத்துத் தலைதாழ்த்திச் சென்றால் போதும் எனவும் கூறுகிறது. 1762இல் மற்றொரு பிரிட்டானியப் படைப்பிரிவின் ஆணை இதற்குக் காரணமும் காட்டுகிறது: அடிக்கடி கழற்றுவதால் தொப்பியின் வடிவம் கெடுகிறது, அதன் சரிகை அழுக்கேறுகிறது என்பதே அக்காரணம்.

பழம்போர்களை அக்கால உடை, கருவி, பயிற்சி ஆகியவற்றுடன் மீண்டும் நிகழ்த்திக் காட்டும் ஆர்வலர்களை இக்கட்டுரை மீள்நடிப்பாளர் எனக் குறிக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது விரிந்த இயக்கமாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி 1961இல் மனாசஸ் போர்க்களத்தில் நடந்த நிகழ்ச்சிக்குப் பின் அங்கு இது பெரிதும் வளர்ந்தது. 1968இல் இங்கிலாந்தில் சீல்டு நாட் என்னும் அமைப்பு தோன்றியது. இவர்களைப் பொழுதுபோக்கினர் என்று ஒதுக்கிவிடுதல் ஆய்வுலகின் வழக்கம். மொழிபெயர்ப்பாளர் அவ்வாறு ஒதுக்குதல் நன்றன்று. நூலறிஞர் ஒரு தொடரின் பொருளை ஐயத்திலேயே விட்டுவிட்டு மேற்செல்லலாம். மீள்நடிப்பாளருக்கு அவ்வசதி இல்லை. மைதானத்தில் நிற்கும் அவருடைய கை ஏதேனும் ஒரு நிலையில் இருந்தே ஆக வேண்டும்.

1762ஆம் ஆண்டு ஆணையையே சான்றாகக் கொள்வோம். தொப்பிகளைக் கழற்றாமல், அதிகாரி ஒருவரைக் கடக்கும்போது, புறங்கையை விரைந்து 'தெம்' உயர்த்துமாறு அது பணிக்கிறது. 'தெம்' என்னும் ஆங்கிலச் சுட்டுப்பெயர் திணை காட்டாது. அது தொப்பிகளைக் குறிப்பின், புறங்கை தொப்பியைத் தொட, உள்ளங்கை வெளிநோக்கி நிற்கும். அதிகாரிகளைக் குறிப்பின், புறங்கை அவர்களை நோக்க, உள்ளங்கை வீரனின் முகத்தை நோக்கித் திரும்பும். ஒரே தொடரிலிருந்து நேர்மாறான இரு செய்கைகள் பிறக்கின்றன.

இலக்கண நெறியில் நோக்கின் முதற்பொருளே வலிமையுடையது. தொப்பிகள் தொடரில் முன்னரே, பன்மையில் வந்துள்ளன. அதிகாரி பின்னர், ஒருமையில் வருகிறார். ஆயினும் ஒரு தடை எழுகிறது. 1745ஆம் ஆண்டு ஆணையில், ஒருமையில் கூறப்பட்ட அதிகாரியை அடுத்த தொடர்க்கூறிலேயே இதே பன்மைச் சுட்டுப்பெயர் சுட்டுகிறது. எனவே எண் ஒருமைப்பாட்டை மட்டும் கொண்டு வழக்கைத் தீர்க்க இயலாது. ஆனால் அங்கு அதிகாரி முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வருதல் நோக்கத்தக்கது. 1762இன் தொடரிலோ, இன்னும் கூறப்படாத ஒருவரை முன்கூட்டியே சுட்டியதாகக் கொள்ள நேரும். அது வலிந்து பொருள்கொள்ளுதலாகும். இன்றைய பிரிட்டானியத் தரைப்படையின் சலாமில் உள்ளங்கை வெளிநோக்கியே உள்ளமையும் முதற்பொருளுக்குத் துணைசெய்கிறது. இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தப்ப வழியில்லை. 'அவற்றை நோக்கி' என்று எழுதுவதா, 'அவர்களை நோக்கி' என்று எழுதுவதா என்பதை அவர் முடிவுசெய்தே ஆக வேண்டும். உயர்திணை அஃறிணைப் பாகுபாடு அவரையும் மைதானத்தில் நிற்கும் மீள்நடிப்பாளரின் நிலைக்கே கொண்டுவந்துவிடுகிறது.

தடையாணைகளை வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கழற்ற வேண்டா என்னும் ஆணை, அதுவரை கழற்றினர் என்பதற்குச் சான்றாகும். ஆணை பிறந்த மறுநாளே அனைவரும் அதற்கு அடங்கினர் என்பதற்கு அது சான்றாகாது. விதிநூலை நடப்பின் வருணனையாகக் கொள்வது மீள்நடிப்பாளரிடையே காணப்படும் பெருங்குறை. இதற்கு மாறாக, நூலையே பாராமல் திரைப்படத்தைப் பார்த்துக் கைதூக்குவோரும் உளர். 1861ஆம் ஆண்டு அமெரிக்கப் படைவிதிகள், ஆயுதமின்றி அதிகாரியை எதிர்ப்படும் வீரன் தொப்பி விளிம்பின் வலப்பக்கத்திற்குக் கையை உயர்த்த வேண்டும். உள்ளங்கை முன்னோக்கியும் முழங்கை தோளளவு உயர்ந்தும் இருக்க வேண்டும் என வகுக்கின்றன. இன்றைய அமெரிக்கச் சலாமில் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும். உள்நாட்டுப் போர்வீரராக உடையணிந்தவர் இன்றைய முறையில் கைதூக்கினால் அவருடைய சீருடையின் ஒவ்வொரு பொத்தானும் சரியாக இருந்தும் பயனில்லை. இத்தகையோரை மீள்நடிப்பாளர் தம் குழூஉக்குறியில் 'ஃபார்ப்' என்பர். அச்சொல்லின் பிறப்பைப் பற்றி அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

பயிற்சி நூல்களின் வரலாறு பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வரலாறே எனலாம். யாக்கோப் டி கெய்னின் 1607ஆம் ஆண்டு நூல் 117 செப்புத்தகட்டுப் படங்களுடன் பல ஐரோப்பிய மொழிகளில் வெளிவந்தது. ஆனால் இங்கு விரித்துரைக்கத் தக்கது அமெரிக்க விடுதலைப் போரின் நிகழ்ச்சியாகும். 1778 பிப்ரவரியில் வேலி ஃபோர்ஜ் பாசறைக்கு வந்த பிரஷ்ய அதிகாரி ஸ்டூபனுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பயிற்சி முறைகளைப் பிரெஞ்சில் எழுதினார். அவருடைய செயலர் டூ போன்சோ அவற்றை ஆங்கிலமாக்கினார். லாரன்சும் ஹாமில்டனும் படைவழக்கிற்கேற்பத் திருத்தினர். பின்னர்ப் படிகள் எடுக்கப்பட்டுப் படைப்பிரிவுகளுக்குச் சென்றன. இவற்றின் வளர்ச்சியாக அமைந்த விதிநூலை 1779 மார்ச்சில் அமெரிக்கப் பேரவை ஏற்றது. அப்பாசறையில் டூ போன்சோவுக்கு வயது 17. அவரே பிற்காலத்தில் அமெரிக்கப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து, ஒரு தொடரின் பொருள் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கும் மொழிகளுக்குப் 'பாலிசிந்தெடிக்' என்னும் பெயரை 1819இல் வழங்கியவர். மொழியியல் வரலாறுகள் அவருடைய இப்பணியைப் போற்றுமளவிற்கு அவரது முதல் மொழிபெயர்ப்புப் பணியைக் கருதுவதில்லை.

மீள்நடிப்பாளரிடையே மிகுதியாகப் பயிலப்படும் ஹார்டியின் நூலும் (1855) பெரிதும் பிரெஞ்சுக் காலாட்படை நூலின் தழுவலே. போர் மூண்டபோது ஹார்டி தென்னகப் படையில் சேர்ந்தார். அவருடைய நூலோ இருதரப்பிலும் பயன்பட்டது. இந்நூலால் நேர்ந்த ஒரு பொருள்மாற்றம் குறிப்பிடத்தக்கது. 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' என்னும் ஏவலுக்கு ஸ்காட்டின் பழைய நூல் (1835) துப்பாக்கியை இடப்பக்கத்தில் தாங்கச் சொல்கிறது. ஹார்டி வலப்பக்கத்தில் தாங்கச் சொல்கிறார். சொல் ஒன்று, செயல் இரண்டு. இரு நூல்களில் பயின்றோர் ஒரே வரிசையில் நின்று இவ்வேவலைக் கேட்டால் வரிசை குலையும். எனவே தாம் நடிக்கும் படைப்பிரிவு எந்த நூலைப் பயின்றது என்பதை முதலில் அறிவது மீள்நடிப்பாளரின் கடமையாகிறது. அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும்.

ஹார்டி ஏவல்களை எச்சரிக்கை, ஆயத்தம், செயல் என மூவகைப்படுத்துகிறார். எச்சரிக்கையும் ஆயத்தமும் சாய்வெழுத்திலும், செயற்கூறு பெரிய எழுத்திலும் அச்சிடப்பட்டுள்ளன. ஓசை வேறுபாட்டை அச்சு காட்டுகிறது. 'ஷோல்டர்' என்பது ஆயத்தக்கூறு. செய்ய வேண்டியது யாது என்பது அதிலேயே விளங்கிவிடும். இறுதியில் வரும் 'ஆர்ம்ஸ்' புதிய செய்தி எதனையும் தருவதில்லை. செய்ய வேண்டிய நொடியை மட்டும் தருகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வருவது இதற்கு வாய்ப்பாயிற்று. தமிழில் வினை இறுதியில் நிற்பது இயல்பு. 'ஆயுதத்தை - உயர்த்து', 'ஆயுதத்தை - இறக்கு' என்று மொழிபெயர்த்தால் இலக்கணம் பிழைபடாது. ஆனால் முற்கூறு இரண்டிலும் ஒன்றாக இருத்தலின் வீரன் எதற்கும் ஆயத்தமாக இயலாது. இறுதிச் சொல் காதில் விழுந்த பின்னரே செயலை அறிவான். வரிசையில் ஒருவன் முந்துவான், ஒருவன் பிந்துவான். வேற்றுமைப்படுத்தும் சொல்லை முன்னிறுத்தி, எல்லா ஏவல்களிலும் பொதுவான ஒரு வினையை இறுதியில் வைத்தல் ஒரு தீர்வாகலாம்: 'தோளில் - தாங்கு', 'நிலத்தில் - தாங்கு' என்பன போல.

இந்திய விடுதலைக்குப் பின் இந்தியில் அமைந்த ஏவல்கள் வேறு வழியை மேற்கொண்டன. 'சலாமி சஸ்த்ர', 'பாஜூ சஸ்த்ர' என்பவற்றில் வினையே இல்லை. ஆங்கிலத்தைப் போன்றே, ஆயுதம் என்னும் பொதுச்சொல் இறுதியில் நின்று நொடியைக் குறிக்கிறது. 'சலாமி' அரபு வழியது, 'சஸ்த்ர' வடசொல். 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் தேசிய மாணவர் படையின் இந்தி ஏவல்களும் இடம்பெற்றமை, இச்சிறு சொற்கள் எத்துணை கூர்ந்து செவிமடுக்கப்பட்டன என்பதைக் காட்டும். தமிழில் வழங்கும் 'கவாத்து' என்பதும், விதிகள் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் உருது வழித் திரிபே.

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆதலின் இத்தகைய நூல்களைத் தமிழாக்குவோர், ஆயத்தக்கூறைச் சாதாரண எழுத்திலும் செயற்கூறைத் தடித்த எழுத்திலும் அமைத்து, இடையே நிறுத்தம் காட்டச் சிறுகோடு இடலாம். அச்சுக்கு அனுப்புமுன் ஏவல்களை உரக்கச் சொல்லி, நால்வரை வரிசையில் நிறுத்தி ஒருமுறை நடத்திப் பார்ப்பதும் நன்று.