நீருக்கடியில் சுழலும் விசிறி

1871-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘ரினால்டோ’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்துக்கு வந்து, அங்கிருந்த கோட்டைகளைப் பீரங்கியால் தாக்கிற்று. சிலாங்கூர் வரலாறு கற்றோர் இதனை அறிவர். அக்கப்பலுக்குப் பாயும் உண்டு. நீராவி எந்திரமும் உண்டு. ஆனால், பழைய நீராவிக் கப்பல்களைப்போல் இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள் இல்லை. பின்புறத்தில், எவர் கண்ணிலும் படாமல், நீருக்கடியில் சுழன்ற விசிறி ஒன்றே அதனைத் தள்ளிற்று. மலாய் மீனவர் இதனைக் ‘கிப்பாஸ்’ என்பர், அதுவும் விசிறியே. இன்று பாசிர் பெனாம்பாங் துறையில் கட்டிக் கிடக்கும் படகுகளையெல்லாம் ஓட்டுவதும் அதுவே.

நான் தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன், பொறியாளன் அல்லன். என்னிடம் படித்த மாணவர் ஒருவருக்கு நேர்ந்த தொல்லையே என்னை இதன் வரலாற்றைத் தேடச் செய்தது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பால்மரம் வெட்டியவரின் பிள்ளை அவர். சேமிப்பையெல்லாம் போட்டுப் பழைய படகு ஒன்றை வாங்கிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறார். “சார், எஞ்சினுக்கு இரண்டு முறை செலவு செய்துவிட்டேன். இன்னும் இழுக்கமாட்டேன் என்கிறது” என்று வந்து நின்றார். அவர் கதைக்குப் பிறகு வருவோம்.

1836-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரே கருத்துக்கு இருவர் உரிமைப் பட்டயம் பெற்றனர். ஒருவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஜான் எரிக்சன். மற்றவர் பிரான்சிஸ் பெட்டிட் சுமித் என்னும் குடியானவர், ஆடு வளர்த்தவர். சுமித்தின் விசிறி இன்றுள்ளதுபோல் இதழ் இதழாக இருக்கவில்லை. இரண்டு முழுச் சுற்றுக்கொண்ட மரத்திருகாணி அது. சுற்று மிகுந்தால் தள்ளும் ஆற்றலும் மிகும் என்று அவர் எண்ணினார். நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம். 1837-இல் பாடிங்டன் கால்வாயில் சோதனை ஓட்டம் நடந்தபோது, திருகாணி எதிலோ மோதிப் பாதி ஒடிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று பார்த்தால், முன்னிலும் விரைந்து ஓடிற்று! சுமித் தம் கணக்கை நம்பாமல் தண்ணீரை நம்பினார். ஒற்றைச் சுற்றுத் திருகையே அதன்பின் செய்தார்.

1845-இல் ‘ராட்லர்’ என்னும் விசிறிக் கப்பலையும் ‘அலெக்டோ’ என்னும் சக்கரக் கப்பலையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டனர். ராட்லர் மற்றதைத் தரதரவென்று பின்னுக்கு இழுத்துச் சென்றது. பள்ளி நூல்கள் இதனைப் பெரிதாகக் கூறும். எனக்கென்னவோ அது ஊரார் பார்க்க நடந்த வேடிக்கையாகவே படுகிறது. ஆங்கிலக் கடற்படையினர் அதற்கு முன்பே விசிறியின் பக்கம் சாய்ந்துவிட்டனர். ராட்லருக்குப் பலவகை விசிறிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி ஓட்டிப் பார்த்தார்களே, அதுவே உண்மையான வேலை. நம் முன்னோரை நாகப்பட்டினத்திலிருந்து இங்குக் கொணர்ந்த ‘ராஜுலா’ 1926-இல் கட்டப்படுவதற்குள், துடுப்புச் சக்கரம் பெருங்கடலை விட்டே மறைந்துவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் என்பார் ‘டர்பினியா’ என்னும் கப்பலை வெள்ளோட்டம் விட்டார். எந்திரம் அசுர வேகத்தில் சுழன்றது. கப்பலோ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. விசிறி மிக விரைந்து சுழலும்போது இதழின் பின்புறம் நீரழுத்தம் குறைந்து, ஆவிக்குமிழிகள் தோன்றுகின்றன. இதழுக்குத் தண்ணீரில் பிடி கிடைப்பதில்லை. எந்திரத்தின்மேல் குறையில்லை என்று கண்ட பார்சன்ஸ், மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பூட்டினார். 1897-இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் அக்கப்பல் மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில் பாய்ந்து சென்றது.

இனி நம் மாணவர் படகு. அதன் விசிறியின் குமிழில் 13, 19 என்று இரண்டு எண்கள் பொறித்திருந்தன. முதலாவது விசிறியின் விட்டம் 13 அங்குலம் என்பது. இரண்டாவது ‘பிட்ச்’. மரத்தில் திருகாணி ஏறுவதுபோல் விசிறி தண்ணீரில் ஏறினால், ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் முன்னேறும் என்பது பொருள். ஆனால் தண்ணீர் மரமன்று, நழுவும்.

அவருடைய எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை சுற்றவேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. பயணிகளோடு அது 4,200-ஐத் தாண்டவில்லை. பல்சக்கரத்தால் விசிறிக்கு வருவது அதில் பாதி, 2,100. அதனை 19 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீட்டர் வரும். படகு ஓடியதோ 30. பாதி நழுவலிலேயே போயிற்று!

முன்னைய உடைமையாளர் இருவரை ஏற்றிக்கொண்டு விரைந்தோட வாங்கிய விசிறி அது. இவர் ஏற்றுவதோ பத்துப் பேரை. போதாததற்கு, பழைய படகின் தரைக்கடியிலுள்ள நுரைப்பஞ்சு ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. சுமை ஏறிய மாட்டுவண்டியை மேட்டில் ஓட்டுவதுபோல் எஞ்சின் ஓயாமல் திணறிற்று, உந்துதண்டு வெந்தது. பழுது பார்த்தவர் இரு முறையும் எஞ்சினைத்தான் பிரித்தாரேயன்றி விசிறியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று கூடும் என்பது படகோட்டிகளின் பொதுக்கணக்கு. 800 சுற்றுக்கு நான்கு அங்குலம். ஆகவே 15 அங்குல விசிறி ஒன்றை இரவல் வாங்கச் சொன்னேன். ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பத்துப் பேரையும், நிறைந்த எண்ணெய்த் தொட்டியையும் வைத்துக்கொண்டு, சேற்றுத் திட்டு இல்லாத ஆழத்தில் ஓட்டினோம். முள் 5,000-ஐத் தொட்டது. படகு 38 கிலோமீட்டர் ஓடிற்று. சிறிய ஏற்றம், கூடிய வேகம்! பாடிங்டன் கால்வாயில் ஒடிந்த திருகாணி என் நினைவுக்கு வந்தது.

மழைக்காலத்தில் இன்னும் சுமை கூடினால் 14 அங்குலமே நலம் என்று இப்போது ஐயுறுகிறார். அதையும் மாட்டிப் பார்க்கப்போகிறார். கழற்றிய 19 அங்குல விசிறி எங்கள் பள்ளி அறிவியல் அலமாரியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெருக்கல் கணக்கை அதைக் காட்டியே கொடுக்கிறேன்.