தெருவோரத் தவறணை

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் நெடுந்தெரு, ஒருபாற் கடலும் மறுபால் வாவியும் அமைய, இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரை வழியே செல்கின்றது. பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு முதலிய ஊர்கள் இத்தெருவின் இருமருங்கும் அமைந்தவை. தென்னை இந்நிலத்தின் செல்வம். தென்னை உள்ள இடத்திற் கள்ளும் உண்டு. அது பழைய செய்தி. ஆயின், அரசினரின் அனுமதிப் பத்திரத்தோடு தெருவோரத்துக் கட்டிடமொன்றில் மது விற்றல் அத்துணைப் பழைய செய்தியன்று. அக்கட்டிடத்துக்கு ஈழத்தார் வழங்கும் பெயர் தவறணை என்பது.

இச்சொல்லைத் தவறு என்னுந் தமிழ்ச் சொல்லோடு சேர்த்து எண்ண மனம் விழைதல் இயல்பே. உண்மை அதுவன்று. கடை என்னும் பொருளிற் பண்டை உரோமர் வழங்கிய 'தபெர்ணா' என்னும் இலத்தீன் சொல், ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்து, அவரோடு கப்பலேறி இந்நாட்டுக்கு வந்து தவறணையாயிற்று. தமிழில் மது விற்கும் இடத்துக்குச் சொல் இல்லாமலில்லை. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கள் விற்கும் இடத்திற் கொடி பறந்ததைக் கூறும். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரமே வகுத்தார். அங்ஙனமிருக்கப் பிறமொழிப் பெயர் நிலைத்தமைக்குக் காரணம், அப்பெயரோடு வந்த ஏற்பாடு புதிதாயிருந்தமையே எனலாம்.

அவ்வேற்பாட்டை விளங்கக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். கள் இறக்கிய சில நாழிகைக்குள் நுரைத்துப் புளிக்கும். மேலும் வைத்திருப்பின் காடியாகும். ஆதலால் அது மரத்தைவிட்டு நெடுந்தொலை செல்லாது. அதனை வடித்துச் சாராயமாக்கிவிட்டாலோ, பீப்பாவில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும்; வண்டியிலேற்றினால் மலையுச்சிக்கும் போகும். கள் மரத்தடியை நாடியது. சாராயம் தெருவை நாடியது. தெருவோரத் தவறணை சாராயத்தாற் பிறந்த கட்டிடம் என்பது இதனாற் பெறப்படும்.

ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிற் பல வரிகளைத் தாமே அறவிடாது, ஏலத்திற் கூடிய தொகை கேட்டவருக்குக் குத்தகையாக விட்டனர். சாராயக் குத்தகை அவற்றுள் ஒன்று. 1795இல் மட்டக்களப்பைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் ஆட்சியை மாற்றினரேயன்றி இந்த முறையை மாற்றவில்லை. குத்தகைக்காரன் அரசினருக்குக் கட்டவேண்டிய தொகை முன்னரே குறிக்கப்பட்டது. அதற்கு மேல் விற்பதெல்லாம் அவனுடைய ஊதியம். இந்நிலையில் அவன் குடியைக் குறைக்க முயல்வான் என எதிர்பார்த்தல் எங்ஙனம்? ஏலத்தொகை உயர்வதை விரும்பிய அரசும் முயலவில்லை.

1815இற் கண்டி வீழ்ந்தபின், தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் காலத்திற் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குத் தெரு வெட்டப்பட்டது. அதன்பின் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1867இற் கண்டிக்குப் புகையிரதம் செல்லும்வரை கோப்பி மூட்டைகளைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. பிரயாணஞ் செய்யும் உத்தியோகத்தருக்கு வாடிவீடு இருந்தது. வண்டிற்காரனுக்குத் தவறணை இருந்தது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா மலைநாட்டுச் சாராயக் குத்தகையாற் பெரும்பொருள் ஈட்டி, 1837இல் அங்குரன்கெத்தையில் அரச தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கல்லூரிகளும் மருத்துவமனையும் நிறுவியவர். தவறணையின் முன்வாயிலாற் சென்ற காசு சில வேளை பாடசாலையின் வாயிலாக வெளிவந்தது என்று கூறுதல் மிகையாகாது. அந்த அறங்களைக் குறைகூறுதல் நோக்கமன்று. அவற்றின் கணக்கிலே கூலியாளின் செம்புக் காசும் உண்டென்பதை மறத்தல் ஆகாது.

1904ஆம் ஆண்டளவிற் சிங்கள நாட்டுப்புறங்களில் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் விற்பனையைச் சாராய விற்பனையினின்றும் பிரித்துத் தனிக் கள்ளுத் தவறணைகளுக்கு வழிவகுக்கவே, கிளர்ச்சி முன்னிலும் வலுத்தது. 1915இல் நிகழ்ந்த கலகத்தின்போது அரசு சிறையிட்டவர்களுள் எவ். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய மதுவிலக்குத் தலைவர்கள் இருந்தனர். அவ்வேளையிற் சட்டநிரூபண சபையிலே அரசின் கொடுமைகளை எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தவறணை வேண்டாமென்ற குரல் எங்ஙனம் ஆட்சியே வேண்டாமென்ற குரலாக மாறக்கூடும் என்பதை ஆட்சியாளரே முதலில் உணர்ந்தனர் போலும்.

பின்னர், ஒரு பகுதியிலே தவறணை இருத்தல் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பகுதியினரின் வாக்கினால் முடிவுசெய்யும் முறை வந்தது. நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது 1931இல். அதற்கு முன்னரே, 1920களில், தவறணையை மூடுதற்கு ஊர் மக்கள் வாக்களித்துவிட்டனர். யாழ்ப்பாணப் பகுதியிற் பல தவறணைகள் இவ்வாறு மூடப்பட்டன.

மூடியதாற் சீவற்றொழிலாளன் நிலை என்னாயிற்று என்பதை மதுவிலக்கு மேடைகள் அதிகம் பேசவில்லை. மரமேறுபவனும் அவனே, உயிரைப் பணயம் வைப்பவனும் அவனே. குத்தகை ஒருநாளும் அவன் பெயரில் இருந்ததில்லை. 1970களில், வடபகுதியிலே சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டு, கள்ளுத் தவறணைகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. ஏலங் கேட்டவன் இருந்த இடத்தில் மரமேறியவனின் சங்கம் அமர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அதே பாளையில், உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டினால் இறங்குவது கருப்பணி; அது பனங்கட்டி காய்ச்சும் அடுப்புக்குப் போகும். சுண்ணாம்பின்றிக் கட்டினால் இறங்குவது கள். அது தவறணைக்குப் போகும்.