ஆண்குறிப் பருமனாக்க நிரப்பிகள்

ஆண்குறிப் பருமனாக்க நிரப்பிகள் என்பவை ஆண்குறித் தண்டின் சுற்றளவை அழகியல் நோக்கில் கூட்டுவதற்காகத் தோலுக்கு அடியில் ஊசிமூலம் செலுத்தப்படும் பொருட்கள் ஆகும். உடலில் தங்கும் காலத்தைக் கொண்டு இவை தற்காலிக நிரப்பிகள், நிலையான நிரப்பிகள் என இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. ஹையலூரோனிக் அமிலம் முதற்பிரிவைச் சேர்ந்தது. பாரஃபின், நீர்ம சிலிக்கோன், பாலிமெத்தில்மெத்தாக்ரிலேட்டு ஆகியன இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. ஒருமுறை செலுத்தினால் போதும் என்பதால் நிலையான நிரப்பிகள் சிக்கனமானவையாகத் தோன்றலாம். ஆயினும் சிக்கல் ஏற்படும்போது அவற்றை உடலிலிருந்து எளிதில் நீக்க இயலாது. இவ்விரு வகைகளையும் ஒப்பிடும்போது முதன்மையாகக் கருதப்படும் வேறுபாடு இதுவே ஆகும்.

இந்நிரப்பிகள் ஆண்குறியின் நீளத்தையோ, விறைப்புத் திறனையோ, கருவளத்தையோ கூட்டுவதில்லை.

உடற்கூற்றுப் பின்னணி

ஆண்குறித் தண்டின் உள்ளே இரத்தம் நிரம்பி விறைப்பை உண்டாக்கும் இரு திசு உருளைகளும், அவற்றின் கீழே சிறுநீர்வழியைச் சூழ்ந்த மூன்றாவது உருளை ஒன்றும் உள்ளன. இவற்றைச் சுற்றிப் பக் உறை என்னும் உறுதியான இணைப்புத்திசுப் படலமும், அதன்மேல் டார்ட்டோசு உறை என்னும் தளர்வான படலமும், அதன்மேல் மெல்லிய தோலும் அமைந்துள்ளன. முதுகுப்புற நரம்புகளும் தமனிகளும் பக் உறைக்கு அடியில் செல்கின்றன. எனவே நிரப்பிகள் பொதுவாகப் பக் உறைக்கும் டார்ட்டோசு உறைக்கும் இடையிலான தளத்தில் செலுத்தப்படுகின்றன.

உடலின் பிற இடங்களில் இருப்பது போன்ற கொழுப்பு அடுக்கு இங்கு இல்லை. விறைப்பின்போது நீள்வதற்கு இடந்தரும் வகையில் தோல் தளர்ந்து நகரக்கூடியதாக உள்ளது. இத்தளர்வு நிரப்பிக்கு இடமளிக்கிறது. ஆனால் அதே காரணத்தால் செலுத்தப்பட்ட பொருள் இடம்பெயர்ந்து முன்தோலிலோ விதைப்பையிலோ திரளவும் கூடும்.

2015 ஆம் ஆண்டில் பிரித்தானியச் சிறுநீரியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான தொகுப்பாய்வு, 15,521 ஆண்களின் அளவீடுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. அதன்படி சராசரிச் சுற்றளவு தளர்ந்த நிலையில் 9.31 செ.மீ., விறைப்பு நிலையில் 11.66 செ.மீ. ஆகும். பருமனாக்கம் வேண்டி மருத்துவரை நாடுவோரில் பெரும்பான்மையோர் இயல்பான அளவு உடையவர்களே.

தேவைப்படும் கன அளவு

ஒரு நிரப்பியின் இடர், அது செலுத்தப்படும் அளவோடும் தொடர்புடையது. தண்டை ஓர் உருளையாகக் கொண்டால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு, சுற்றளவின் இருபடியை 4π ஆல் வகுத்தால் கிடைக்கும். தண்டின் நீளம் 7 செ.மீ. எனவும் தொடக்கச் சுற்றளவு 9.3 செ.மீ. எனவும் கொண்டால்:

- சுற்றளவை 1 செ.மீ. கூட்ட ஏறத்தாழ 11 மி.லி. நிரப்பி தேவைப்படும்.
- சுற்றளவை 2 செ.மீ. கூட்ட ஏறத்தாழ 23 மி.லி. தேவைப்படும்.

முகத்திற்கான நிரப்பிகள் பெரும்பாலும் 1 மி.லி. கொண்ட ஊசிக்குழல்களில் விற்கப்படுகின்றன என்பதோடு இதனை ஒப்பிடலாம். முகச் சிகிச்சையில் ஒரு பொருள் பாதுகாப்பானது எனக் கண்டறியப்பட்டிருந்தாலும், அம்முடிவை இருபது மடங்கு அளவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

தளர்ந்த நிலையில் காணப்படும் வேறுபாடு விறைப்பு நிலையில் குறையும் என்பதும் இக்கணக்கிலிருந்து பெறப்படும். அதே 23 மி.லி., 10 செ.மீ. நீளமும் 11.66 செ.மீ. சுற்றளவும் கொண்ட விறைத்த தண்டின்மீது பரவும்போது சுற்றளவு ஏறத்தாழ 1.2 செ.மீ. மட்டுமே கூடும்.

வரலாறு

நிரப்பி ஊசியின் வரலாறு பிறப்புறுப்புப் பகுதியிலிருந்தே தொடங்குகிறது. 1899 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் இராபர்ட் கெர்சூனி, காசநோயால் விதையை இழந்த ஒருவரின் விதைப்பையில் வாசலினைச் செலுத்தி இழந்த உறுப்பின் தோற்றத்தை உருவாக்கினார். இம்முறை விரைவில் மூக்கு, மார்பகம், ஆண்குறி எனப் பல இடங்களுக்கும் பரவியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே பாரஃபினைச் சூழ்ந்து கடினமான கட்டிகள் உருவாவது தெரியவந்தது. இக்கட்டிகள் பாரஃபினோமா எனப் பெயர்பெற்றன. மேற்கு நாடுகளின் மருத்துவர்கள் இம்முறையைக் கைவிட்டனர். எனினும் கிழக்கு ஐரோப்பா, கிழக்காசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில் மருத்துவர் அல்லாதோர் செலுத்துவதும், சிறைகளிலும் படைமுகாம்களிலும் தாமே செலுத்திக்கொள்வதும் தொடர்ந்து பதிவாகி வந்துள்ளன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்ம சிலிக்கோன் பாரஃபினின் இடத்தைப் பிடித்தது. அதனாலும் இதையொத்த கட்டிகள் தோன்றின. 1981 இல் மாட்டுத் தோலிலிருந்து பெறப்பட்ட கொலாஜன் ஊசி ஐக்கிய அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. உடல் தானே கரைத்துவிடக்கூடிய நிரப்பிகளின் காலம் இதனோடு தொடங்கியது எனலாம். ஹையலூரோனிக் அமில நிரப்பி 1996 இல் ஐரோப்பாவிலும் 2003 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் முகப் பயன்பாட்டிற்கு வந்தது.

தற்காலிக நிரப்பிகள்

ஹையலூரோனிக் அமிலம்

ஹையலூரோனிக் அமிலம் தோல், மூட்டு, கண் ஆகியவற்றில் இயற்கையாகவே உள்ள ஒரு பல்சர்க்கரைடு ஆகும். 1934 இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் இதனை மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். தோலில் உள்ள இயற்கையான ஹையலூரோனிக் அமிலம் ஓரிரு நாட்களில் சிதைந்துவிடும். நிரப்பியாகப் பயன்படுத்த அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் வேதி முறையில் குறுக்கே பிணைக்கப்படுகின்றன. இப்பிணைப்பினால் அது பல மாதங்கள் நீடிக்கும் கூழ்மமாகிறது. ஆண்குறியில் இதன் விளைவு படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மறு ஊசி தேவைப்படும் நிலை பொதுவாகக் காணப்படுகிறது.

இதன் சிறப்பு, இதற்கு மாற்றுமருந்து உண்டு என்பதாகும். ஹையலூரோனிடேசு என்னும் நொதி இக்கூழ்மத்தைச் சிதைத்துவிடும். கட்டி, சமனற்ற தோற்றம், இரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை ஏற்பட்டால் இந்நொதியைச் செலுத்தி நிரப்பியைக் கரைக்கலாம். இந்நொதியால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். கூழ்மத்தில் பிணைப்பு மிகுந்திருந்தால் பலமுறை செலுத்த வேண்டியும் வரலாம்.

வீக்கம், இரத்தக்கசிவு, முடிச்சுகள், முன்தோல் வீக்கம், தொற்று ஆகியன இதன் பக்க விளைவுகள். அரிதாக, நிரப்பி இரத்தக்குழாயினுள் சென்று திசு இறப்பை உண்டாக்கக்கூடும். மறு ஊசி ஒவ்வொன்றின்போதும் இவ்விடர்கள் மீண்டும் எழுகின்றன.

பாலிலாக்டிக் அமிலமும் கால்சியம் ஐதராக்சியபடைட்டும்

இவ்விரண்டும் இடைப்பட்ட வகையைச் சேர்ந்தவை. இவற்றின் நுண்துகள்கள் சுற்றியுள்ள திசுவைத் தூண்டிப் புதிய கொலாஜனை உருவாக்குகின்றன. துகள்கள் மாதக் கணக்கில் அல்லது ஓரிரு ஆண்டுகளில் சிதைந்து மறைகின்றன. பாலிலாக்டிக் அமிலத்தையும் ஹையலூரோனிக் அமிலத்தையும் ஆண்குறியில் ஒப்பிட்ட சமவாய்ப்பு ஆய்வுகள் தென்கொரியாவில் நடத்தப்பட்டுள்ளன.

இவை தற்காலிகமானவை என விளம்பரப்படுத்தப்பட்டாலும் இவற்றைக் கரைக்கும் நொதி இல்லை. தற்காலிகமானது என்பதும் மீட்கக்கூடியது என்பதும் ஒன்றல்ல. முன்னது, பொருள் ஒருநாள் மறையும் எனக் கூறுகிறது. பின்னது, வேண்டும்போது அதை மறையச் செய்ய முடியும் எனக் கூறுகிறது. இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்தது ஹையலூரோனிக் அமிலமே.

நிலையான நிரப்பிகள்

பாரஃபினும் கனிம எண்ணெய்களும்

மனித உடலில் இவ்வைதரோகாபன்களைச் சிதைக்கும் வழி இல்லை. உடல் இவற்றை அயற்பொருளாகக் கருதிச் சுற்றிலும் அழற்சித் திசுவையும் நாரிழைகளையும் உருவாக்குகிறது. சில நாட்களிலோ பல பத்தாண்டுகள் கழித்தோ கடினமான கட்டி, தோல் புண், முன்தோல் இறுக்கம், வலியுடன் கூடிய விறைப்பு ஆகியன தோன்றலாம். எண்ணெய் திசுக்களுக்குள் ஊடுருவிக் கலந்துவிடுவதால் அதை மட்டும் உறிஞ்சி எடுக்க முடியாது. பாதிக்கப்பட்ட தோலையும் திசுவையும் முழுவதுமாக வெட்டியெடுத்து, விதைப்பைத் தோலைக் கொண்டோ தோல் ஒட்டு மூலமோ தண்டை மூட வேண்டியிருக்கும்.

நீர்ம சிலிக்கோன்

இதுவும் துளிகளாகத் திசுவில் தங்கி, இடம்பெயர்ந்து, அழற்சிக் கட்டிகளை உண்டாக்கக்கூடியது. ஐக்கிய அமெரிக்காவில் சிலிக்கோன் எண்ணெய் கண்ணின் உட்பகுதியில் சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டுமே ஏற்கப்பட்டுள்ளது. உடல் வடிவமைப்புக்காக இதனைச் செலுத்துவதற்கு எதிராக அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரிக்கை விடுத்தது. பாரஃபின் அல்லது சிலிக்கோனைச் சூழ்ந்த பெரிய அழற்சிக் கட்டிகள் இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதித்ததும் உண்டு.

பாலிமெத்தில்மெத்தாக்ரிலேட்டு

எலும்பு ஒட்டும் சிமெந்திலும் பயன்படும் இந்நெகிழி, நிரப்பியில் 30 முதல் 50 மைக்குரோமீட்டர் விட்டமுள்ள கோளங்களாக இடம்பெறுகிறது. அழற்சி உயிரணுக்கள் விழுங்க முடியாத அளவு இது. சுமந்துவந்த கூழ்மம் சில மாதங்களில் மறைந்தபின், ஒவ்வொரு கோளத்தையும் உடல் கொலாஜனால் சூழ்ந்துவிடுகிறது. இவ்வகை நிரப்பி ஒன்று 2006 இல் ஐக்கிய அமெரிக்காவில் மூக்கோரச் சுருக்கங்களுக்கு ஏற்கப்பட்டது. இது பாரஃபினைவிடத் தூய்மையானது, தரப்படுத்தப்பட்டது. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆண்குறிப் பருமனாக்கத்திற்கும் பயன்படுத்தப்படுகிறது. முடிச்சுகளோ மேடுபள்ளங்களோ உருவானால் நிரப்பியை நீக்க அறுவைச் சிகிச்சை மட்டுமே வழியாகும்.

தன்கொழுப்பு

நோயாளியின் சொந்தக் கொழுப்பை வேறிடத்திலிருந்து எடுத்துச் செலுத்துவது இருவகைக்கும் இடையில் அமைகிறது. ஒரு பகுதி உறிஞ்சப்பட்டுவிடும், எஞ்சியது தங்கிவிடும். எவ்வளவு தங்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இயலாது. இம்முறையின் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை என அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1994 இல் அறிவித்தது. சுவீடனில் கொழுப்பு நுரையீரல் இரத்தக்குழாய்களை அடைத்ததால் நலமான இளைஞர் ஒருவர் இறந்த நிகழ்வு 2017 இல் தடயவியல் ஆய்விதழில் பதிவாகியுள்ளது.

ஒப்பீடு

- நீடிப்பு: நிலையான நிரப்பிகளுக்குச் சாதகமானது. ஹையலூரோனிக் அமிலம் தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும்.
- செலவு: தொடக்கத்தில் நிலையானவை குறைந்த செலவுடையவை. ஆனால் அகற்றும் அறுவைச் சிகிச்சையும் மறுசீரமைப்பும் தேவைப்பட்டால் இக்கணக்கு தலைகீழாகும்.
- மீட்பு: ஹையலூரோனிக் அமிலத்தைக் கரைக்கலாம். இடைப்பட்ட வகையில் காத்திருக்க வேண்டும். நிலையான வகையில் வெட்டியெடுக்க வேண்டும்.
- சிக்கல் தோன்றும் காலம்: தற்காலிக நிரப்பிகளில் பெரும்பாலான சிக்கல்கள் நாட்களிலோ மாதங்களிலோ வெளிப்படும். நிலையானவற்றில் ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். அதற்குள் செலுத்தியவரையோ செலுத்திய பொருளையோ அடையாளம் காண இயலாமல் போவதும் உண்டு.
- உடல் மாற்றம்: வயது, எடை, தோலின் நெகிழ்வு ஆகியன மாறினாலும் நிலையான நிரப்பி மாறாது.
- மனமாற்றம்: விளைவு பிடிக்காதவர் தற்காலிக நிரப்பியைப் புதுப்பிக்காமல் விடலாம்.

இவ்வாறு நோக்குமிடத்து, தற்காலிக நிரப்பியின் குறையாகக் கூறப்படும் மறையும் தன்மையே அதன் பாதுகாப்பாகவும் அமைகிறது. நிலையான நிரப்பியின் நிறையாகக் கூறப்படும் நீடிப்பே, தவறு நேரும்போது அத்தவறையும் நீடிக்கச் செய்கிறது.

ஒழுங்குமுறை நிலை

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எந்தவொரு நிரப்பியையும் ஆண்குறிப் பருமனாக்கத்திற்கென ஏற்கவில்லை. முகத்திற்கென ஏற்கப்பட்ட பொருட்கள் மருத்துவரின் பொறுப்பில் அங்கு இதற்குப் பயன்படுத்தப்படுகின்றன. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் சிலிக்கோன், பாரஃபின், வாசலின் ஆகியவற்றை இந்நோக்கத்திற்குப் பயன்படுத்தக்கூடாது என வலுவாகப் பரிந்துரைக்கின்றன. ஹையலூரோனிக் அமிலம் போன்றவற்றை விரிவான ஆலோசனை பெற்றவர்களிடம் மட்டுமே பேசலாம் எனவும் அவை கூறுகின்றன.

உளவியல் கூறுகள்

இயல்பான அளவு இருந்தும் தம் உறுப்பு சிறியது எனக் கவலைகொள்ளும் நிலை பரவலானது. அக்கவலை அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்கு வளரும்போது அது உடல் உருவப் பிறழ்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோய் உள்ளோர் அழகியல் சிகிச்சைக்குப் பின்னும் நிறைவடைவது அரிது. மேலும் மேலும் ஊசி வேண்டுவதும் உண்டு. ஆகவே ஊசிக்கு முன் அளவீடும் உளநல மதிப்பீடும் செய்யப்பட வேண்டும் என வல்லுநர்கள் வலியுறுத்துகின்றனர். சராசரி அளவு பற்றிய தெளிவான தகவலே சிலருக்குப் போதுமானதாக அமைந்துவிடுகிறது.

இவற்றையும் பார்க்க

- ஹையலூரோனிக் அமிலம்
- ஒட்டறுவைச் சிகிச்சை
- உடல் உருவப் பிறழ்வு நோய்
- அயற்பொருள் அழற்சி