சிரிப்பூட்டும் வாயு: போதை விற்பனையும் சட்டமும்

நைட்ரஸ் ஆக்சைடு அல்லது சிரிப்பூட்டும் வாயு, அறுவை அரங்கில் மயக்கம் கொடுக்கவும் உணவுத் தொழிலில் கிரீமை நுரைக்க வைக்கவும் பயன்படும் நிறமற்ற வாயு. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைத் தயாரித்தார். 1799-இல் ஹம்ப்ரி டேவி தாமே முகர்ந்து சோதித்தார். 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த வேடிக்கைக் காட்சியில், வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் நின்றதைப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் கண்டார். மருத்துவப் பயன் அங்கிருந்து தொடங்கியது. கேளிக்கை முந்தியது, மருத்துவம் பிந்தியது. சட்டம் வந்து சேர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடர்ந்து முகர்பவரின் உடலில் இவ்வாயு வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்கிறது. கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் எனத் தொடங்கித் தண்டுவடச் சேதம் வரை அது செல்லக்கூடும்.

முகரும் போதையை விற்பவர்மீது சட்டம் திரும்பியதற்குத் தெளிவான தடம் பிரிட்டனில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ கடைக்காரர்கள் சிறுவர்களுக்குப் பசையையும் முகர்வதற்கான பைகளையும் சேர்த்தே விற்ற வழக்கு எழுந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பொருளின் பெயரைப் பாராமல் விற்பவரின் அறிவைப் பார்த்தது: போதைக்காக முகரப்படும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ 18 வயதுக்குட்பட்டவருக்குக் கொடுப்பது குற்றம். மிக நல்ல அணுகுமுறை இது. 2016-இன் உளவியக்கப் பொருள்கள் சட்டம் அதன் இடத்தைப் பிடித்து, வயது வேறுபாடின்றி விற்பனையைத் தடுத்தது. மருத்துவப் பொருளுக்கு விலக்கு உண்டே என்று வாதிட்டதில் 2017-இல் சில வழக்குகள் சரிந்தன. பலூனில் அடைத்துக் கேளிக்கைக்கு விற்கும்போது அது மருந்தாகாது என்று அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2023 நவம்பர் 8 முதல் இவ்வாயு ‘சி’ வகைப் போதைப்பொருள். விற்பனைக்கு 14 ஆண்டு வரை சிறை. அரசின் ஆலோசனைக் குழு இந்த மாற்றத்தைப் பரிந்துரைக்கவில்லை. நெதர்லாந்து அதே ஆண்டு சனவரியில் தடை விதித்திருந்தது.

இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் 1985-இல் பிறந்ததுதான். ஆனால் அது பட்டியலை வைத்து நடப்பது. பட்டியலில் நைட்ரஸ் ஆக்சைடு இல்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி, மருந்தாக விற்க உரிமம் வேண்டும். உரிமமின்றி விற்றால் 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. சிலிண்டரை நிரப்பவும் வைத்திருக்கவும் 1884-இன் வெடிபொருள் சட்டத்தின் கீழான 2016-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. கல்குவாரி வெடிமருந்தில் சேரும் அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கித்தான் இவ்வாயுவைத் தயாரிக்கிறார்கள். அந்த உப்புக்கும் 2012 முதல் தனி விதிகள் உண்டு. இவையெல்லாம் விபத்தைத் தடுக்க எழுந்தவை. முகர்பவரின் நரம்பைக் காக்க எழுந்தவை அல்ல.

கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் ஒரு கடைக்காரர் கிரீம் நுரைக்கும் வாயுக் குப்பியையோ பஞ்சர் சொல்யூஷனையோ சிறுவனுக்கு விற்றால், இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். 2015-இன் சிறார் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவு, சிறாருக்குப் போதை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அது பெயர் சொல்வது மது, போதைமருந்து, புகையிலை, உளவியக்க மருந்து ஆகியவற்றை மட்டுமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவு தீங்கு விளையும் என்று அறிந்து மயக்கப்பொருள் கொடுப்பதைத் தண்டிக்கும். விற்பவர் அதை அறிந்திருந்தார் என்று நிறுவுவது கடினம். வொயிட்னரையும் தின்னரையும் புட்டியில் சில்லறையாக விற்பதை மத்திய அரசு 2012-இல் தடுத்தது. அதுவும் தனித்தனிப் பொருளுக்கான தடைதான்.

2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறாரிடையே பரவல் கூடுதலாக இருந்த ஒரே போதை முகரும் பொருள்களே: சிறாரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. பிரிட்டனின் 1985 சட்டம் காக்க முனைந்ததும் இதே வயதினரைத்தான். புதிய பொருளைப் பட்டியலில் சேர்க்க போதைப்பொருள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நைட்ரஸ் ஆக்சைடு விஷயத்தில் அது பயன்படுத்தப்படவில்லை.